மாடி ஏறிய மண்

பெங்களூரு விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் நடப்போர் வெறும் மண்ணைக் காண்பது அரிது. வீட்டுச் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. வாசற்படியை அடுத்துச் சாலை தொடங்கிவிடுகிறது. கொல்லை என்னும் சொல்லுக்கு அங்கு வேலையே இல்லை. ஆயினும் சற்றே அண்ணாந்து நோக்கினால், சில மொட்டைமாடிகளின் கைப்பிடிச் சுவருக்கு மேலே அவரைக்கொடி படர்ந்திருப்பது தெரியும்.

இந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் ஏரிகளும், அவற்றின் நீரால் விளைந்த காய்கறித் தோட்டங்களும் இருந்தன. அத்தோட்டங்களில் பயிர் செய்தவர்களுள் திகளர் என்னும் மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து குடியேறியவர்கள் என்பர். பெங்களூரின் புகழ்மிக்க கரகத் திருவிழாவை நடத்துவோரும் இவர்களே. இவர்களுடைய தோட்டங்களுக்கு நீர் தந்த ஏரிகளுள் ஒன்று சம்பங்கி ஏரி. இன்று அந்த ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரியின் நினைவாக எஞ்சியிருப்பது ஒரு சிறு குளமே.

நிலம் கட்டடமாக மாறிய பின், பயிரிட விரும்புவோருக்கு மாடியே எஞ்சியது. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 2013-ஆம் ஆண்டில் தமிழக அரசு, வளர்ப்புப் பைகளும் விதைகளும் அடங்கிய மாடித் தோட்டத் தொகுப்பினைச் சென்னை, கோவை மாநகர மக்களுக்கு மானிய விலையில் வழங்கத் தொடங்கியது.

மாடித் தோட்டம் அமைப்போர் முதலில் எண்ண வேண்டியது விதையை அன்று, எடையை. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஓரடி உயரம் கொண்ட ஒரு தொட்டியைத் தோட்டத்து மண்ணால் நிரப்பி நீர் ஊற்றினால், அது ஏறத்தாழ 380 கிலோ எடை இருக்கும். ஆறு பெரியவர்கள் இரவும் பகலும் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதற்கு இது சமம். ஆட்கள் நடமாடும் கூரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமையைத் தாங்குமாறு கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மேற்சொன்ன தொட்டியோ சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது! பழைய வீடாயின் பொறியாளரைக் கேட்காமல் தொட்டி வைப்பது அறிவுடைமை ஆகாது. வாடகை வீடாயின் வீட்டு உரிமையாளரையும் கேட்டாக வேண்டும்.

இதற்குத் தீர்வு தென்னையிடம் உள்ளது. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் தென்னை நார்க்கழிவு மிக இலேசானது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய உரம் ஆகியவற்றைக் கலந்தால், எடை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கீரைக்கு அரையடி ஆழமே போதும். ஆகவே சுமை நான்கில் ஒன்றாகிவிடும். தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு ஓரடி ஆழம் தேவை. அத்தொட்டிகளை மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ தாங்கும் ஓரங்களில் வைத்தல் நலம்.

தொட்டியின் அடியில் துளைகள் வேண்டும். தொட்டியைத் தளத்தின்மேல் நேரே வைக்காது, செங்கற்களின்மேல் உயர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் வடியும் நீர் தேங்காது ஓடும், தளம் காயும், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசியாது. தேங்கிய நீரில் கொசு வளரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரு குளிர்ச்சியான ஊர். சமவெளியின் வெயிலில் விரைவில் பூத்துக் கசந்துவிடும் லெட்டூஸ் என்னும் சாலட் இலை, இங்கு மழைக்காலம் முடிந்தபின் நன்கு வளரும். முள்ளங்கி, கேரட், பீன்ஸ் ஆகியனவும் அவ்வாறே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் பசுமை வலை கட்டி நிழல் தர வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர்க்குக் கீரையே ஏற்றது. விதைத்த 25 முதல் 30 நாள்களில் பறிக்கலாம். விவேக் நகர்ச் சந்தையில் கீரையைச் 'சொப்பு' என்று கன்னடத்தில் கேட்டு வாங்குவர். தமிழில் சொப்பு என்பது குழந்தைகள் வைத்து விளையாடும் சிறு பாத்திரம். ஊரிலிருந்து வந்த பாட்டிமார் முதல்முறை கேட்கும்போது சற்றுத் திகைப்பது இயல்பே. ஆனால் தமிழர் தண்டுக்கீரை என்பதைக் கன்னடர் 'தண்டு சொப்பு' என்கின்றனர். அவரையை 'அவரே' என்கின்றனர்.

தண்டுக்கீரையை வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். இரண்டு செடிகளை மட்டும் அறுக்காது விட்டுவைப்பர். அவை ஆளுயரம் வளர்ந்து கதிர் விடும். கதிர் காய்ந்தபின் ஒரு தாளின்மேல் தட்டினால், கடுகினும் சிறிய கறுத்த விதைகள் கொட்டும். அடுத்த விதைப்புக்கு மட்டுமன்றிப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் அவை போதும்.