ஆம்பூர் ஷூவும் கடலுக்கடியில் போகும் கேபிளும்: டாடா கம்யூனிகேஷன்ஸ் என்ன செய்கிறது? முழு விவரம்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் வரிசையாக வரும். இங்கே தயாராகும் ஷூவும் தோலும் கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அதற்கு முன்னாடி சாம்பிள் போட்டோ, வீடியோ கால், இன்வாய்ஸ், கப்பல் ஆவணம் எல்லாம் நொடியில் போய்விடுகிறது. எப்படி? 'சாட்டிலைட் வழியா' என்றுதான் பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. கண்டங்களுக்கு இடையிலான இன்டர்நெட் டேட்டாவில் கிட்டத்தட்ட முழுவதும் கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களில்தான் போகிறது.

அந்தக் கேபிள் உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, ஒரு காலத்தில் இந்திய அரசு நிறுவனமாக இருந்தது. அதன் கதை என்ன? கேபிள் அறுந்தால் நமக்கு என்ன ஆகும்? பார்க்கலாம்.

டாடா கம்யூனிகேஷன்ஸ் யார்?

80, 90-களில் வெளிநாட்டுக்கு ஐ.எஸ்.டி. கால் போட்டவர்களுக்கு வி.எஸ்.என்.எல். என்ற பெயர் ஞாபகம் இருக்கும். விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட் என்ற இந்த மத்திய அரசு நிறுவனம் 1986-ல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு அழைப்பு எதுவானாலும் இதன் வழியாகத்தான் போக வேண்டும்.

பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியதும் இதே வி.எஸ்.என்.எல்.தான். அன்றைய டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இன்று நாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் 3 எம்.பி. போட்டோ ஒன்றை அந்த வேகத்தில் அனுப்பினால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

2002-ல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. பிப்ரவரியில் 25 சதவீதப் பங்கை டாடா குழுமம் சுமார் 1,439 கோடி ரூபாய்க்கு வாங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்பில் இருந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. 2008-ல் பெயர் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று மாறியது. மிச்சமிருந்த 26 சதவீதப் பங்கையும் விற்றுவிட்டு மத்திய அரசு 2021 மார்ச்சில் முழுசாக வெளியேறியது.

உலக நிறுவனம் ஆனது எப்படி?

2000-களின் தொடக்கத்தில் டாட்-காம் குமிழி வெடித்தபோது, கோடி கோடியாகக் கொட்டிக் கடலில் கேபிள் போட்ட மேற்கத்திய நிறுவனங்கள் பல நொடித்துப் போயின. அவற்றின் கேபிள்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. டைகோ நிறுவனத்தின் உலகளாவிய கேபிள் நெட்வொர்க்கை வாங்க 2004-ல் வி.எஸ்.என்.எல். ஒப்பந்தம் போட்டது. விலை 13 கோடி டாலர். அடுத்து கனடாவின் டெலிகுளோப் நிறுவனம் 2006-ல் கைக்கு வந்தது. சொந்தக் கேபிளிலேயே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வளையம் 2012-ல் முழுமையடைந்தது.

தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு?

இந்தியாவுக்கு வரும் கடல் கேபிள்கள் முக்கியமாகக் கரையேறும் இடங்கள் மும்பையும் சென்னையும். சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு டாடா போட்ட கேபிள் 3,175 கி.மீ. நீளம்; 2004-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பைபருக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் ஓடும். அப்படியென்றால் சென்னையில் இருந்து கிளம்பிய டேட்டா சிங்கப்பூர் போய்த் திரும்ப ஒரு நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் போதும். இதுவே 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் வழியாகப் போனால் கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். வீடியோ காலில் 'ஹலோ... கேக்குதா?' என்று கத்த வைப்பது இந்த மாதிரித் தாமதம்தான்.

நாம டாடாவுக்கு ரீசார்ஜ் பண்றதில்லையே?

காவேரிப்பாக்கம் ஏரியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பாலாற்று அணைக்கட்டில் இருந்து கால்வாய் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி மதகில் இருந்து வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. விவசாயிக்குத் தெரிவது வயலோரத்து வாய்க்கால் மட்டும்தான். நம் சிம் கார்டு நிறுவனம் அந்த வாய்க்கால் மாதிரி. டாடா கம்யூனிகேஷன்ஸ் போன்றவை மேலே இருக்கும் பெரிய கால்வாய். அவற்றின் வாடிக்கையாளர்கள் டெலிகாம் நிறுவனங்கள், வங்கிகள், ஐ.டி. கம்பெனிகள்.

மதகு யார் கையில் என்பதில் சண்டை வருவது போலவே இங்கேயும் வந்தது. கேபிள் கரையேறும் நிலையங்களில் மற்ற நிறுவனங்கள் இணைப்பு எடுக்க வசூலிக்கும் கட்டணத்தை ட்ராய் 2012-ல் குறைத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2018-ல் ட்ராய் கட்டணத்தை மறுபடியும் நிர்ணயித்தது.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

ஆழ்கடலில் இந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் அளவு தடிமன்தான். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 முறை பழுது ஏற்படுகிறது. பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான்.

தோல் தொழில் ஊர்களுக்கு முக்கியமான இடம் செங்கடல். இந்தியாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கேபிள்கள் பலவும் அந்தக் குறுகிய பாதையில்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. 2024 பிப்ரவரி கடைசியில் அங்கே கேபிள்கள் அறுந்தன. டாடாவுக்குப் பங்கு உள்ள கேபிளும் அதில் ஒன்று. போர்ச் சூழலில் கப்பல் அனுப்பிச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. 2025 செப்டம்பர் 6 அன்று சவுதியின் ஜெட்டா அருகே மறுபடியும் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியா, பாகிஸ்தான் உள்பட பல நாடுகளில் நெட் மந்தமானது. மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுட் சேவையிலும் தாமதம் ஏற்பட்டது.

இருந்தும் நெட் ஒரேயடியாகப் படுத்துவிடவில்லையே, ஏன்? ஒரு பாதை அடைபட்டால் டேட்டா வேறு பாதையில் திருப்பி விடப்படும். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் வண்டிகளைக் கிராமத்து ரோட்டில் திருப்பி விடுவது போல. போய்ச் சேரும், ஆனால் சுற்று அதிகம், நெரிசலும் அதிகம். ஆர்டர் முடிவாகும் நேரத்தில் ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளரோடு வீடியோ கால் உறைந்து நின்றால், நஷ்டம் ஏற்றுமதியாளரோடு நிற்காது. அந்த ஆர்டரை நம்பி தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி வரை வரும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

கரையில் இருந்து ஒளித் துடிப்பு அனுப்பி, எந்த இடத்தில் அறுந்தது என்று கணக்கிடுவார்கள். பிறகு சிறப்புக் கப்பல் போய், கொக்கி போட்டுக் கேபிளை மேலே இழுத்து, கப்பலிலேயே முடி போன்ற பைபர் இழைகளை ஒட்டவைத்து மறுபடியும் இறக்கும். வேலை சில நாள்தான். கப்பல் கிடைப்பதும், அந்த நாட்டின் அனுமதி வாங்குவதும்தான் இழுக்கும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

நெட் மெதுவாக இருந்தால் முதலில் ஜிபே, போன்பே வேலை செய்கிறதா என்று பாருங்கள். யூ.பி.ஐ. சர்வர்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. யூடியூபில் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகலும் இங்கேயே சேமித்து வைக்கப்படுகிறது. இவை நன்றாக ஓடி, வெளிநாட்டு இணையதளமும் ஐரோப்பாவுக்கான வீடியோ காலும் மட்டும் திணறினால், பழுது கடலுக்கடியில் இருக்கலாம். எல்லாமே நின்றுபோனால் பிரச்சினை பக்கத்திலேயேதான். டவரைப் பாருங்கள், இல்லையென்றால் ரோட்டோரம் எந்த ஜே.சி.பி. பள்ளம் தோண்டுகிறது என்று பாருங்கள்.