குறுக்கு வழி கிடையாது

குழந்தைக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதில் கேரளத் தாய்மார்களுக்குக் குழப்பமில்லை. கிண்ணத்தில் இருப்பது எவ்வளவு கெட்டி, அதோடு வேறென்ன சேர்கிறது என்பதில்தான் சிக்கல்.

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோவிலில் காலை நேரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இடுப்பில் கசவு முண்டு, நெற்றியில் சந்தனம். அப்பாவின் மடியில் ஆறு மாதக் குழந்தை. எதிரே வாழையிலையில் கொஞ்சம் சோறு. விரல் நுனியால் எடுத்து நாக்கில் வைத்ததும் குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. சுற்றி நிற்கும் குடும்பம் சிரிக்கிறது. 'சோறூணு' முடிந்தது. தமிழ்க் குடும்பங்கள் அன்னப்பிராசனம் என்று சொல்லும் அதே சடங்கு.

உண்மையான வேலை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஆரம்பம். கேரளத்தில் அதற்குப் பெயர் 'குறுக்கு'. குன்னன் வாழைக்காயைச் சீவி, வெயிலில் உலர்த்தி, பொடித்த மாவு ஒரு வகை. கேழ்வரகு இன்னொன்று. கூவைக்கிழங்கு மாவு மற்றொன்று. நீரிலோ பாலிலோ கரைத்து, கருப்பட்டி சேர்த்து, கெட்டியாகும்வரை கிளறி இறக்குகிறார்கள். கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் தலைமுறைகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தப் பண்டங்கள் அந்நியமல்ல.

பாட்டிகளின் கணக்கில் ஆறாம் மாதம் என்பது நவீன மருத்துவத்துக்கும் சம்மதமே. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதன் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் கூறி வருகிறது. காரணம் எளிது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே ஓர் இருப்பைக் கொண்டுவருகிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் அது கரைந்துவிடுகிறது. பிறகு தட்டில் இருந்துதான் வந்தாக வேண்டும்.

வருகிறதா என்பதே கேள்வி. சிசு மரண விகிதத்தில் கேரளம் நாட்டுக்கே முன்மாதிரி: 2023ல் ஆயிரத்துக்கு 5. அகில இந்திய அளவு 25. ஆனால் உயிர் பிழைக்கும் குழந்தைகள் அனைவரும் செழிப்பாக வளர்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 39.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் இது 57.4. இந்தியா முழுவதற்கும் 67.1. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம் கேரளத்தில் 19.7லிருந்து 23.4 ஆக ஏறியிருக்கிறது. நாட்டில் 6 முதல் 23 மாதம்வரையான குழந்தைகளில் போதிய உணவு பெறுபவர்கள் சுமார் 11 சதவீதம்தான்.

குற்றம் குறுக்கின் மீதல்ல. குறுக்கோடு நின்றுவிடுவதில்தான் கோளாறு. வாழைக்காய் மாவும் கூவை மாவும் பெரும்பாலும் மாவுச்சத்து. எளிதில் செரிக்கும், இரும்பும் புரதமும் சொற்பம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம் என்றாலும் அது மட்டுமே போதாது.

அடுத்த தவறு தண்ணீர். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் பல வீடுகளில் குறுக்கைக் கஞ்சித் தண்ணீர்போல ஆக்கிவிடுகிறார்கள். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். 6 முதல் 8 மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் தினமும் 200 கலோரி தேவை. அதை இரண்டு மூன்று வேளைகளில் கொடுத்து முடிக்க வேண்டும். நீர்த்த கஞ்சியில் வயிறுதான் நிரம்பும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும் என்பதே சரியான பதம். குறுக்கிக் காய்ச்சுவதால்தானே அதற்குக் குறுக்கு என்று பெயர்!

கெட்டியாகவும் வேண்டும், விழுங்கவும் எளிதாக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தானியம் முளைக்கும்போது உருவாகும் அமிலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கும். இப்படி முளைகட்டிய தானிய மாவைச் சிறிதளவு சேர்த்துக் கூழை இளக்கும் முறையை பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் விரிவாக ஆராய்ந்தார். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தின் சூட்சுமமும் இதுதான். ஒரு சிறு கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேர்த்தால் 40 கலோரி கூடும்.

தானியத்தோடு பருப்பைச் சேர்க்கும் பாடத்தைத் திருவனந்தபுரமே கற்பித்திருக்கிறது. சிறு வயதில் மறைந்த திருவிதாங்கூர் இளவரசரின் நினைவாக 1952ல் தொடங்கிய ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையை நகரமே 'எஸ்.ஏ.டி.' என்று அழைக்கிறது. அங்கே ஊட்டக்குறைவான குழந்தைகளுக்காக உருவானது 'சாட் மிக்ஸ்'. வறுத்துப் பொடித்த அரிசி, கோதுமை, உளுந்து ஒவ்வொரு பங்கு, பொடித்த சர்க்கரை 2 பங்கு. 100 கிராமில் 380 கலோரி, 8 கிராம் புரதம். தானியப் புரதத்தில் இல்லாததைப் பருப்பு ஈடுகட்டுகிறது. இந்தச் சர்க்கரை, எடை கூட வேண்டிய குழந்தைகளுக்கானது. ஆரோக்கியமான குழந்தைக்குத் தத்துவம் மட்டும் போதும், சர்க்கரை வேண்டாம்.

அங்கன்வாடிகளில் 6 மாதம் முதல் 3 வயதுவரையான குழந்தைகளுக்குத் தரப்படும் 'அம்ருதம் நியூட்ரிமிக்ஸ்' மாவிலும் கோதுமையோடு கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா உண்டு. தயாரிப்பவர்கள் குடும்பஸ்ரீ பெண்கள்.

டின் உணவுகள் பக்கம் சாயும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளை விளம்பரப்படுத்துவதை 1992ல் வந்து 2003ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் விற்கும் பிரபல குழந்தை உணவு ஒன்றில் வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருப்பதாக, சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024ல் வெளியிட்ட அறிக்கை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

தேவையானவை உள்ளூர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. பருப்பும் சோறும் சேர்த்து மசித்தது, நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கி மசித்த மத்தி மீன், கீரை, கூடவே இரும்பை உடல் ஏற்க உதவும் பப்பாளியோ கொய்யாவோ. புதிய உணவு ஒவ்வொன்றாக அறிமுகமாக வேண்டும். முழு நிலக்கடலை தொண்டையை அடைக்கும், அரைத்தால் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் நரம்புகளைத் தாக்கும் நச்சை உண்டாக்கலாம். நாக்கில் வயம்போடு தேன் தடவும் வழக்கத்தைக் கைவிட இதுவே போதுமான காரணம்.

பாட்டியின் வாழைக்காய் மாவுக்கு இன்னமும் மவுசு குறையவில்லை. குறையவும் வேண்டாம். அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் பருப்பும், பக்கத்தில் கொஞ்சம் மீனும் இடம் பிடித்தால் போதும்.