உங்களுக்குத் தெரியுமா? அதிரைக் கடலில் யாருக்கு யார் சொந்தம்?

● அதிராம்பட்டினம் கடலில் மேயும் ஆவுளியா, மீன் இனம் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. கடல்பசு என்று பெயர் வாங்கினாலும் மாட்டுக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. அதன் நெருங்கிய சொந்தம் யானை! வளர்ந்த ஆண் ஆவுளியாவுக்குச் சிறு தந்தம் உண்டு. யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவே பால்மடி இருப்பதுபோல, ஆவுளியாவுக்கும் துடுப்புக்கு அடியில்தான். ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும்.

● வாலைப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும், அது மீன். டால்பின் எனப்படும் ஓங்கிலுக்கும் ஆவுளியாவுக்கும் வால் படுக்கைவாட்டில் இருக்கும், மேலும் கீழும் அடிக்கும், அவை பாலூட்டிகள்.

● இந்த வித்தியாசம் மேதைகளையே தடுமாற வைத்தது. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735இல் திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்திருந்தார். 1758இல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

● அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே தொல்காப்பியம், மரபியலில், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்துவிட்டது. அதில் நண்டும் தும்பியும் ஒரே வகை, நான்கறிவு. வரப்பில் வளை தோண்டும் நண்டுக்கும் பறக்கும் தும்பிக்கும் என்ன பொருத்தம்? இன்றைய விலங்கியலும் இரண்டையும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருந்தொகுதியில்தான் வைக்கிறது. தொல்காப்பியம் எண்ணியது புலன்களை. விலங்கியல் பார்ப்பது மூட்டுக்கால்களையும் மேலோட்டையும். வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. எனக்கு இது தீராத வியப்பு!

● கடல் அட்டை, வயலில் காலைக் கடிக்கும் அட்டைக்குச் சொந்தம் அல்ல. நட்சத்திர மீனோடு சேர்ந்த முட்தோலி. அந்த நட்சத்திர மீனும் மீன் அல்ல!

● கணவாய்க்கு உறவு நத்தையும் சிப்பியும். ஓடு எங்கே என்கிறீர்களா? உடம்புக்குள்ளே. கரையில் வெள்ளையாக ஒதுங்கும் கடல்நுரை அதுதான்.

● கடல்குதிரை? செவுளால் மூச்சுவிடும் அசல் மீன்.

● இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகம் நம் பாக் விரிகுடாவில்தான், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்காவிட்டால் செத்துவிடும். வலையில் சிக்கினால் வலையை அறுத்தாவது உடனே விட்டுவிடுங்கள், அண்ணன்மாரே!