புதுச்சேரி உரிமை மாற்ற உடன்படிக்கை

புதுச்சேரி உரிமை மாற்ற உடன்படிக்கை என்பது, புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளின் முழு இறைமையையும் பிரான்சு இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த பன்னாட்டு ஒப்பந்தம் ஆகும். இது மே 28, 1956 அன்று கையெழுத்திடப்பட்டு, ஆகஸ்ட் 16, 1962 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்பகுதிகளின் நிர்வாகம் நவம்பர் 1, 1954 அன்றே இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் புதுச்சேரி மக்கள் இந்திய நிர்வாகத்தின் கீழ், ஆனால் சட்டப்படி பிரெஞ்சு மண்ணில் வாழ்ந்தனர்.

பின்னணி

1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது பிரான்சின் வசம் ஐந்து பகுதிகள் இருந்தன. அவற்றின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்யவேண்டும் என்று இரு அரசுகளும் 1948 ஜூனில் ஒப்புக்கொண்டன. மக்களின் இசைவின்றி நிலப்பகுதி எதையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என அன்றைய பிரெஞ்சு அரசியலமைப்பு கூறியதே இதற்கு முக்கிய காரணம். வங்காளத்தில் உள்ள சந்திரநாகூர் 1949இல் வாக்களித்து இந்தியாவுடன் இணைந்தது.

ஏனைய நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 1951இல் வந்த பன்னாட்டு நடுநிலை நோக்கர்கள், சுதந்திரமான வாக்கெடுப்புக்கு உரிய சூழல் அங்கு இல்லை எனக் கருதினர். அதன்பின் வாக்கெடுப்பின்றி நேரடியாக ஒப்படைக்குமாறு இந்தியா கோரியது. இந்தியா விதித்த சுங்கக் கட்டுப்பாடுகளும் இறுகின. புதுச்சேரிக் கொம்யூன்கள் பல இந்தியக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடந்ததால், இக்கட்டுப்பாடுகள் அன்றாட வாழ்வைப் பாதித்தன.

கீழூர் வாக்கெடுப்பு

1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேரும் அவரது அணியினரும் இணைப்பை ஆதரித்தனர். வ. சுப்பையா தலைமையிலான பொதுவுடைமைக் கட்சியினரும் இணைப்புக்காகப் போராடினர். அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஏனாமும் மாகேயும் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டிலிருந்து விலகின. மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் தோல்வியடைந்திருந்த பிரான்சில், ஜூனில் பதவியேற்ற பிரதமர் மெந்தேசு பிரான்சு பேச்சுவார்த்தை மூலம் தீர்வு காண முன்வந்தார்.

இதன்படி அக்டோபர் 18, 1954 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நடைபெற்றது. சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அக்டோபர் 21 அன்று இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பிரதிநிதி பியேர் லாந்தியிடமிருந்து கேவல் சிங் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை என்ற விமர்சனம் இவ்வாக்கெடுப்பின் மீது உண்டு.

இடைக்காலம்

1956 உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் பிரதமர் நேருவும், பிரான்சின் சார்பில் தூதர் ஒசுத்ரோரோக்கும் கையெழுத்திட்டனர். இது செல்லுபடியாக பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஆனால் அப்போது அல்சீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆட்சிப்பகுதியை விட்டுக்கொடுப்பது அங்கு முன்மாதிரியாகிவிடும் என்ற தயக்கம் இத்தாமதத்திற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. அல்சீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் ஒப்புதல் கிடைத்தது.

இந்நிலையின் விளைவை 1961இல் இந்திய உச்ச நீதிமன்றத்திற்கு வந்த, பேருந்து உரிமம் தொடர்பான வழக்கொன்று காட்டுகின்றது. அரசியலமைப்பின்படி புதுச்சேரி இந்திய நிலப்பரப்பின் பகுதி அன்று என இந்திய அரசே தெரிவித்தது. நீதிமன்றமும் அதனை ஏற்றது. அன்றைய நிலையில் புதுச்சேரிவாசி ஒருவர் உச்ச நீதிமன்றத்தை நாடித் தீர்வு பெற இயலவில்லை.

முக்கிய விதிகள்

குடியுரிமை: உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளில், இப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே வசித்தோர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தனர். எடுத்துக்காட்டாக, சைகோனில் பணிபுரிந்த அண்ணன் எதுவும் செய்யாமலே பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர, புதுச்சேரியில் இருந்த தம்பி எழுதிக் கொடுக்காவிடில் இந்தியக் குடிமகன் ஆனார்.

மொழி: மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும்.

தனி நிலை: அரசியலமைப்பு நிலையில் மாற்றம் செய்யுமுன் மக்களின் விருப்பம் அறியப்படவேண்டும்.

விளைவுகள்

புதுச்சேரி 1963இல் சட்டமன்றத்துடன் கூடிய ஒன்றியப் பகுதியானது. ஜூலை 1 அன்று குபேர் அதன் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றார். புதுச்சேரியை அண்டை மாநிலத்துடன் இணைக்கும் யோசனை 1979இல் எழுந்தபோது கடும் எதிர்ப்புப் போராட்டம் நடைபெற்றது. சொல்தாக்கள் என அழைக்கப்படும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்கள் உட்பட, பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழர்கள் இன்றும் புதுச்சேரியில் வாழ்கின்றனர்; பிரெஞ்சுத் தேர்தல்களில் அங்கிருந்தே வாக்களிக்கின்றனர்.

போர்த்துகல் பேச்சுவார்த்தைக்கு இணங்காததால் கோவா 1961 டிசம்பரில் படை நடவடிக்கை மூலம் மீட்கப்பட்டது. அதனைப் போர்த்துகல் 1974இல்தான் ஏற்றுக்கொண்டது. புதுச்சேரியில் போர் நேரவில்லை. பேச்சுவார்த்தை நீண்டபோதிலும், குடியுரிமை, மொழி, தனி நிலை ஆகியவை குறித்த உறுதிமொழிகள் எழுத்தில் கிடைத்தன. நவம்பர் 1 விடுதலை நாளாகவும், ஆகஸ்ட் 16 சட்டப்படியான மாற்ற நாளாகவும் புதுச்சேரியில் கடைப்பிடிக்கப்படுகின்றன.