கோல்ஃப் பந்தும் இரண்டு ஊசல்களும்

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது என்பது விதி. மட்டை அதைத் தொடும் நேரமோ ஒரு நொடியில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்குதான்! அக்கணத்தில் மட்டைத் தலைக்கு உள்ள வேகமே பந்து செல்லும் தூரத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது.

புதிதாக ஆடுவோர் பலர் மட்டையை இறுகப் பிடித்து, வீச்சின் தொடக்கத்திலேயே மணிக்கட்டை நிமிர்த்திவிடுகிறார்கள். பலம் வீணாகிறது. ஏன்?

கைகள் ஓர் ஊசல். மணிக்கட்டிலிருந்து ஆடும் மட்டை மற்றோர் ஊசல். கைகள் பாதி தூரம் இறங்கும்வரை மணிக்கட்டு மடங்கியே இருந்தால், பிறகு மட்டை தானாகவே வெளிப்புறம் வீசப்படும். கைகளின் வேகம் குறையும். அவற்றின் ஆற்றல் மட்டைக்குச் சென்று சேரும். சாட்டையின் நுனி விரைவதும் இவ்வாறுதான்.

ஆகவே, பிடியை இறுக்காதீர்கள். இறங்கும்போது இடுப்பு முதலில் திரும்பட்டும். மணிக்கட்டு கடைசியில் நிமிரட்டும்.

இரு குச்சிகளை நூலால் இணையுங்கள். ஒன்றைப் பிடித்து வீசிச் சட்டென நிறுத்துங்கள். மற்றது எப்படிப் பாய்கிறது, பார்த்தீர்களா?