பிளானை மாற்றுமுன் ரூட்டரைப் பாருங்கள்



சென்ற மாதம் ஒரு சகோதரி நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். மகள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்பு நின்று நின்று போகிறது. மாதம் 300 ரூபாய் கூடுதலான பிளானுக்கு மாறும்படி இன்டர்நெட்காரர் சொல்கிறார். கல்வி உதவியில் அதைத் தர முடியுமா என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். ரூட்டர் தரையில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. பிள்ளை படிப்பதோ மாடி அறையில். வயர் எட்டிய வரை இழுத்து, மாடிப்படி அருகே உயரமாக மாட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், அன்று மாலை வகுப்பு ஒரு தடவையும் அறுபடவில்லை. பிளான் பழையதுதான்.

கோளாறு வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் பரவும் வைஃபையிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஃபைபர் இணைப்பென்றால் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்றொரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைபர் ஒயர் அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். நாம் செய்யக்கூடியது புகார் கொடுத்து எண்ணை எழுதி வைப்பதுதான். சிவப்பு இல்லையென்றால், போனை ரூட்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, அறையில் மட்டும் திணறினால் அது வைஃபை கோளாறு. பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை.

இரும்பு, கண்ணாடி, தண்ணீர், கான்கிரீட் எல்லாம் வைஃபையைத் தடுப்பவை. பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி பக்கத்தில் ரூட்டரை வைக்காதீர்கள். பல ரூட்டர்களில் இரண்டு பெயர்கள் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். மாடிக்கு 2.4, ரூட்டர் இருக்கும் அறைக்கு 5. மைக்ரோவேவ் அடுப்பு 2.4க்கு இடைஞ்சல் செய்யும். சமைக்கும் நேரத்தில் மட்டும் நெட் போகிறது என்பவர்கள் இதைக் கவனியுங்கள். நம் தெருக்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே சேனலில் மோதும். 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்த சேனலுக்கு மாற்றித் தரும்படி டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

அணைத்துப் போடுவதென்றால் அடாப்டரைக் கழற்றி அரை நிமிடம் கழித்து மாட்டினால் போதும். பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடாதீர்கள். கம்பெனி போட்டுவைத்த செட்டிங் எல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை வீடே நெட் இல்லாமல் இருக்கும். இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். விளக்குகள் மொத்தமாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதே வோல்ட், அதே ஆம்பியர் பார்த்து வாங்குங்கள்.

பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை படிக்கக் கொடுப்பது நல்ல காரியம். அது நீங்கள் அறிந்து கொடுத்ததாக இருக்கட்டும். கேட்காமல் பிறர் வைஃபையில் நுழைவது அவர்களுடைய ஹக்கில் கை வைப்பது என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே நெட் திணறினால் கம்பெனியில் புகார் கொடுங்கள். அதற்குப் பிறகும் சரியாகாமல் பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டால், புகார் எண்ணையும் கடைசி பில்லையும் எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்திற்கு வாருங்கள்.