உழவரின் இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு

ஆட்டுக்கும் கன்றுக்கும் பருவம் தவறாமல் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கும் விவசாயிகள் பலர் உண்டு. வயிற்றில் புழு இருந்தால் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால், தங்கள் வயிற்றிலும் புழு இருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேரைப் பற்றியுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவற்றுள் உருண்டைப்புழு சிறுவர்களிடம் அதிகம். கொக்கிப்புழுவோ பெரியவர்களிடம், குறிப்பாக வெறுங்காலுடன் மண்ணில் வேலை செய்வோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

பரவும் விதம்

கொக்கிப்புழு சுமார் 1 செ.மீ. நீளமே உள்ளது. பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். இவை மலத்துடன் வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிக்கின்றன. 5 முதல் 10 நாட்களில் இளம்புழுக்கள் மனிதரைத் தொற்றும் பருவத்தை அடைகின்றன. மண்ணை மிதிப்பவரின் கால் தோலைத் துளைத்து அவை உள்ளே நுழைகின்றன. அந்த இடத்தில் ஏற்படும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று கருதி விட்டுவிடுவோர் உண்டு. பிறகு இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் சென்று ஒட்டிக் கொள்கின்றன.

நீர் தேங்கி நிற்கும் வயலை விட, மலம் கழிக்கப் பயன்படுத்தும் தோப்பு, வாய்க்கால் கரை, நிழலான மணற்பாங்கு நிலம் ஆகியவையே இப்புழுவுக்கு ஏற்ற இடங்களாகும்.

நஷ்டக் கணக்கு

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வகையில், ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தம் வீணாகிறது. 100 புழுக்கள் இருந்தால் 3 மி.லி.; மாதத்திற்கு 90 மி.லி. இரத்தத்துடன் இரும்புச் சத்தும் போய்விடுவதால் இரத்தசோகை உண்டாகிறது. முகம் வெளுத்தல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், சிறிது நேரம் களை எடுத்ததுமே களைத்துப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். கர்ப்பிணிகளுக்கு ஏற்படும் இரத்தசோகை தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது.

மாத்திரை போதுமா?

2015 முதல் நடைபெற்று வரும் தேசிய குடற்புழு நீக்கத் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. பிள்ளை மாத்திரை விழுங்கினாலும், பெற்றோர் குடலில் உள்ள புழு மீண்டும் மண்ணுக்கு முட்டைகளை அனுப்பிக் கொண்டே இருக்கும். இதனால்தான் எல்லா வயதினருக்கும் மருந்து தந்து பார்க்கும் ஆய்வு ஒன்றை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் நடத்தியது.

மாத்திரை குடலில் உள்ள புழுவை நீக்குமே தவிர, மறுபடி தொற்றுவதைத் தடுக்காது. ஆகவே கீழ்க்கண்ட முறைகளையும் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. வீட்டில் கழிப்பறையை அனைவரும் பயன்படுத்த வேண்டும். வயல் வேலைக்கு வந்த இடத்திலும் திறந்த வெளியில் மலம் கழித்தல் கூடாது.

2. கழிவுநீர்த் தொட்டிக் கழிவை உரமாக நேரடியாக வயலில் கொட்டக் கூடாது. இரட்டைக்குழிக் கழிப்பறையில் நிரம்பிய குழியை மூடி, குறைந்தது ஓராண்டு, முடிந்தால் 2 ஆண்டுகள் விட்டு, நன்கு மக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

3. சேற்றில் இறங்கும்போது செருப்பு அணிய முடியாது. ஆனால் வரப்பிலும் தோப்பிலும் நடக்கும்போது அணியலாம்.

4. சோர்வும் வெளுப்பும் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தமும் மலமும் பரிசோதித்து, மருத்துவர் கூறும் அளவில் புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், முதல் 3 மாதங்களில் புழு மாத்திரை உட்கொள்ளக் கூடாது. அதன் பிறகும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

5. கம்பு, கீரை, பயறு வகைகளை உணவில் சேர்த்து, உடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் உட்கொண்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்துவதைத் தவிர்க்கவும்.

கால்நடைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைத் தம் உடம்பின் மீதும் காட்டினால், உழைப்பின் பயன் புழுவுக்குப் போகாமல் குடும்பத்திற்குக் கிடைக்கும்.